முந்நூறு வெள்ளிப் பலகை

தீபாவளி முடிந்து இரண்டாவது ஞாயிறு. முதல் நாள் வானொலி நிலையத்தில் இரவு நேரப் பணியை முடித்துவிட்டு, கோலாலம்பூரிலிருந்து ரயிலேறி, தைப்பிங்கில் இறங்கி, கமுந்திங்கில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். பசியாறிக் கொண்டிருந்தபோது என் அண்ணன் மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள். வயது பதின்மூன்று. கையில் தீபாவளி ஆங் பாவ் உறைகள். எல்லாவற்றையும் பிரித்து மேசையில் அடுக்கினாள்.

“அத்தை, மொத்தம் முந்நூத்தி பன்னெண்டு வெள்ளி. எந்த போர்டு வாங்கலாம்?”

அடுப்படியில் தோசை திருப்பிக் கொண்டிருந்த அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

அந்த மௌனத்துக்குக் காரணம் நான்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எனக்கும் ஸ்கேட்போர்டு ஆசை வந்தது. இணையத்தில் ஒரு பலகை வாங்கினேன். அடியில் அழகான ஓவியம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். அதில் இருந்த சிறிய, கடினமான சக்கரங்கள் எங்கள் தாமான் சாலையின் ஒவ்வொரு சிறு கல்லுக்கும் தடுமாறின. சரி, பெரிய சக்கரம் போட்டால் சொகுசாக ஓடும் என்று நினைத்து, 70 மில்லிமீட்டர் சக்கரங்களைத் தனியாக வாங்கி நானே மாட்டினேன். ஓடியது, நேராகப் போகும் வரையில். வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறு சரிவில் உடலைச் சாய்த்துத் திரும்பினேன். பெரிய சக்கரம் பலகையின் அடிப்பாகத்தில் உரசி, பிரேக் போட்டது போல் நின்றது. பலகை நின்றது, நான் நிற்கவில்லை. இடது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பேசுவதற்குக் கை தேவையில்லை என்பதால் நிகழ்ச்சி மட்டும் தடைபடவில்லை.

அம்மா அந்தப் பலகையை எடுத்து அலமாரியின் உச்சியில் போட்டவர், அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த விபத்தில் சாலைக்கும் பங்கில்லை, என் தைரியத்துக்கும் பங்கில்லை. பலகையைத் தேர்ந்தெடுத்ததில் பிழை. அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அதனால் அண்ணன் மகளிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘வாங்கு’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கவும் முடியவில்லை. வாசகர்களில் பலர் வீட்டிலும் பள்ளி விடுமுறையில் இதே கேள்வி வரும் என்பதால், எங்கள் வீட்டுக் கதையோடு சேர்த்து நான் கற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவளிடம் நான் கேட்டது, “இதை வச்சு என்ன செய்யப் போறே?” என்பதுதான். படியில் குதிப்பதற்கும் கம்பியில் சறுக்குவதற்கும் இருக்கிற பலகை வேறு. இரண்டு முனையும் மேலே வளைந்து, சக்கரம் சிறிதாகவும் கல்போலக் கடினமாகவும் இருக்கும். ஊர்ந்து போவதற்கும், சரிவில் வளைந்து வளைந்து இறங்குவதற்கும் உள்ளது லாங்போர்டு. பெரும்பாலும் 36 அங்குலத்துக்கு மேல் நீளம். பெரிய, மென்மையான சக்கரங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு தம்பி இருக்கிறான். நம் ஊரில் அவனை அதிகம் பேர் பார்த்ததில்லை. அவன் பெயர் ஸ்லாலம்.

பனிச்சறுக்கில் கொடிகளுக்கு நடுவே பாம்பு போல் நெளிந்து வருவார்களே, அதுதான் ஸ்லாலம். நார்வே மொழியிலிருந்து வந்த சொல். சரிவில் போகும் தடம் என்று பொருள். பலகையில் அதையே செய்யும்போது கொடிக்குப் பதில் சிறு பிளாஸ்டிக் கூம்புகள். வரிசையாக வைத்த கூம்புகளுக்கு இடையே வலது, இடது, வலது என்று நெளிந்து, யார் விரைவாக முடிக்கிறார்கள் என்பது போட்டி. தட்டிவிட்ட ஒவ்வொரு கூம்புக்கும் நேரம் கூட்டப்படும். ஸ்கேட்போர்டு விளையாட்டில் மிகப் பழைய போட்டிகளில் இது ஒன்று. 1960-களிலேயே கலிபோர்னியாவில் தொடங்கிவிட்டது. 2021-ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஸ்ட்ரீட், பார்க் என்ற இரண்டு பிரிவுகள்தான் இடம் பிடித்தன. மூத்த பிள்ளையான ஸ்லாலம் வாசலிலேயே நின்றுவிட்டது.

ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு இது நல்ல விளையாட்டு. வளைந்த சுவர்களும் படிகளும் கொண்ட ஸ்கேட் பார்க் கமுந்திங்கில் எங்கே தேடுவது? ஸ்லாலத்துக்கு ஒரு வெற்று கார் நிறுத்துமிடமும் பத்துக் கோப்பையும் போதும். செங்குத்தான மேடும் வேண்டாம். வளைவு ஒவ்வொன்றிலும் உடல் எடையை அழுத்தி எடுத்தால், காலால் தரையை உந்தாமலேயே பலகை வேகம் பிடிக்கும். ஊஞ்சலில் நின்றபடி முழங்காலை மடக்கி நிமிர்த்தி உயரே போவோமே, அதே கணக்குதான்.

இவள் கேட்டுவிட்டு, “அதுதான் அத்தை எனக்கு வேணும்” என்றாள். சரி, அடுத்தது பணம். முந்நூற்றுப் பன்னிரண்டில் முதல் செலவு தலைக்கவசம். இரண்டாவது மணிக்கட்டுக் காப்பும் முழங்கால் காப்பும். இதில் பேரம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். மீதம் இருந்தது நூற்றைம்பது வெள்ளி சொச்சம். அதற்குள் நல்ல புதிய பலகை, டிரக், சக்கரம் எல்லாம் சேர்த்து வாங்க வழியில்லை.

அப்போதுதான் அலமாரியின் உச்சி என் நினைவுக்கு வந்தது. என் பழைய பலகைதான் பிழை. அதில் மாட்டியிருந்த சக்கரங்களும், சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் டிரக் எனப்படும் அச்சுகளும் நல்லவையே. அவற்றைக் கழற்றிக்கொண்டால், ‘டெக்’ எனப்படும் வெறும் பலகையை மட்டும் வாங்கினால் போதும். ஆனால் அதை யார் அம்மாவிடம் கேட்பது?

நான் வாய் திறக்கும் முன்பே அம்மா முக்காலியைப் போட்டு ஏறிவிட்டார். பழைய கைலியில் சுற்றிய மூட்டை ஒன்று கீழே வந்தது.

“தூக்கிப் போட மனசு வரல. காசு போட்டு வாங்குன சாமான். சக்கரம் துரு ஏறியிருக்கும், பாத்துக்க” என்றார்.

ஏறித்தான் இருந்தது. தைப்பிங், கமுந்திங் பக்கம் வாழ்கிறவர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டிய ஊர் இது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இரண்டு பேரிங் வீதம் மொத்தம் எட்டு இருக்கும். ஈரம் பட்டால் முதலில் கெடுவது இவைதான். பெரும்பாலான ஸ்கேட்போர்டுகளுக்கு 608 என்ற அளவுதான். உள்வட்டம் 8, வெளிவட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். எண்ணைச் சொன்னால் பேரிங் விற்கும் கடைக்காரருக்கே புரியும். எட்டையும் புதிதாக மாற்றினோம். நனைந்த தரையில் ஓட்டக்கூடாது என்பதற்குத் துரு பாதிக் காரணம்தான். ஈரத்தில் சக்கரம் பிடிப்பை இழந்து வழுக்கும் என்பது மீதிக் காரணம்.

சக்கரம் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் தோட்டத்தில் பிறந்த குடும்பம் என்பதால், ‘ஏன் ரப்பரில் செய்யவில்லை?’ என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 1960-களில் களிமண் கலவைச் சக்கரங்கள்தான் புழக்கத்தில் இருந்தன. சிறு கல்லில் பட்டாலும் ஆளைத் தூக்கி எறியும். 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற அமெரிக்க இளைஞர் யூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் வார்த்த சக்கரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தரையைப் பிடிக்கும், அதே சமயம் உருண்டோடும், சீக்கிரம் தேயாது. ஸ்லாலம், சரிவு ஓட்டம் எல்லாம் பெரிதாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான். இந்தச் சக்கரங்களின் கடினத்தை ‘ஏ’ என்ற அளவில் குறிப்பார்கள். 78ஏ என்றால் மென்மை; கரடுமுரடான சாலைக்கும் வளைவுக்கும் ஏற்றது. 99ஏ, 101ஏ என்றால் கடினம். வழவழப்பான தளத்தில் வித்தை காட்டுவோருக்கு ஏற்றது. நம் தாமான் சாலைக்கு 80ஏ-யை ஒட்டி இருந்தால் நலம்.

இனி பலகைக்கு வருகிறேன். ஈப்போவில் ஒருவர் தம் பழைய டெக்குகளை விற்பதாகத் தெரிந்து, அடுத்த சனிக்கிழமை அண்ணன் காரில் நால்வரும் போனோம். ‘சும்மா ஈப்போவைப் பாக்க வர்றேன்’ என்று அம்மாவும் ஏறிக்கொண்டார்.

இரண்டு டெக்குகள் இருந்தன. ஒன்று 42 அங்குல நீளம், பின்முனை கூராக, அடியில் பாயும் புலியின் படம். இன்னொன்று 33 அங்குலம், படம் ஏதுமில்லாத மேப்பிள் பலகை. சக்கரம் வரும் இடங்களில் ஓரம் குடைந்து எடுக்கப்பட்டிருந்தது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவள் கண் புலியை விட்டு நகரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முந்திய என்னையே பார்ப்பது போல் இருந்தது. ஆனாலும் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொன்னேன்.

ஒன்று, இரண்டு டிரக்குகளுக்கும் இடைப்பட்ட தூரம். அது கூடினால் பலகை நிதானமாகவும் அகலமாகவும் திரும்பும், வேகத்தில் நடுங்காது. குறைந்தால் சட்டென்று திரும்பும். நீளமான பேருந்தும் சின்னக் காரும் சந்து முனையில் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். நெருங்கிய கூம்புகளுக்கு இடையே நெளிய வேண்டுமென்றால் குறைந்த தூரமே வசதி.

இரண்டு, நெகிழ்வு. சில பலகைகளின் நடுப்பகுதி வில் போல் லேசாக மேலே எழும்பியிருக்கும். மேலே நிற்கும்போது அமுங்கி, எடையை எடுக்கும்போது திரும்ப உந்தும். ஸ்லாலத்துக்கு அந்த உந்துதல் உதவும். 1960-களிலேயே கோர்டன் அண்ட் ஸ்மித் நிறுவனம் மரத்தோடு கண்ணாடியிழையைச் சேர்த்து ‘ஃபைபர்ஃப்ளெக்ஸ்’ என்ற பலகையைச் செய்தது இதற்காகத்தான். ஆனால் நெகிழ்வு ஆளின் எடையைப் பொறுத்தது. எண்பது கிலோ ஆளுக்கு வில்லாக வளையும் பலகை, நாற்பது கிலோ சிறுமிக்குச் சிமெண்டுத் தரையாக இருக்கும். அவளுக்கு இதமாக வளைவது என் அண்ணனுக்குத் தொட்டிலாகத் தொங்கிவிடும். டிரக் மாட்டும் இரண்டு இடங்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து மேலே நின்று பார்க்கலாம். வில் போன்ற பலகை உங்கள் எடைக்குத் தட்டையாக வந்து நின்றால் பொருத்தம். அதற்கும் கீழே தொய்ந்தால் உங்களுக்கு அது ஆகாது.

மூன்று, அகலமும் ஓரமும். காலை வைத்தால் விரல்களும் குதிகாலும் ஓரத்துக்கு அருகில் வர வேண்டும். அப்போதுதான் லேசாக அழுத்தினாலே பலகை சாயும். ஓரங்கள் சற்றே மேலெழுந்து நடுவில் குழிந்திருந்தால், பார்க்காமலேயே கால் தன் இடத்தை அறியும்.

நான்கு, எனக்கு மணிக்கட்டைக் கொடுத்துக் கற்ற பாடம்: சக்கரம் பலகையில் இடிக்கிறதா? டிரக்கையும் சக்கரத்தையும் மாட்டி, ஒரு பக்க ஓரத்தில் முழு எடையையும் போட்டுச் சாய்த்துப் பாருங்கள். சக்கரம் மரத்தைத் தொட்டால் அந்தப் பொருத்தம் ஆபத்து. ஓரம் குடைந்த பலகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரக்குக்கும் பலகைக்கும் இடையே தடித்த அட்டை கொடுத்து உயர்த்த வேண்டும்.

இதையெல்லாம் கவனமாகக் கேட்டவள், கடைசியில் வார்த்தையை நம்பாமல் இரண்டிலும் ஏறி நின்றாள். குதித்தாள். சாய்ந்தாள். புலிப் பலகை அவளுக்கு அசையவே இல்லை. சின்னப் பலகை அவளோடு சேர்ந்து மூச்சு விட்டது. கீழே இறங்கி, புலியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“புலி அடியில இருக்கு அத்தை. நான் மேல நிக்கிறப்ப அது எனக்குத் தெரியவே போறதில்ல.”

எனக்கு ஆறு ஆண்டும் ஆறு வாரமும் பிடித்த பாடம் அவளுக்குப் பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது.

திரும்பும் வழியில் அம்மா, “பொம்பளப் புள்ள. தழும்பு கிழும்பு ஆயிட்டா நாலு பேரு பேசுவாங்க” என்றார். எதிர்பார்த்ததுதான். நான் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக் கடற்கரையில் வளர்ந்த கமலி மூர்த்தி. சிறுமியாக இருந்தபோது வெறுங்காலோடு, கவுன் அணிந்தபடியே ஸ்கேட்போர்டு ஓட்டிய அவளது படத்தை, இந்த விளையாட்டின் உலகப் புகழ் வீரர் டோனி ஹாக் இணையத்தில் பகிர்ந்தார். அவளைப் பற்றி சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ என்ற குறும்படம் 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் படம் கமலியைப் பற்றியது போலவே, தனியாக நின்று அவளை வளர்த்த தாய் சுகந்தியைப் பற்றியதும்கூட. கமலி இன்று அலைச்சறுக்கிலும் பெயர் பெற்றவள். நம் நாட்டிலேயே தூடோங் அணிந்து பலகை ஏறிய ஃபாத்தின் ஷாஹிரா ரோஸிஸி, 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவுக்காகக் களமிறங்கினார்.

அம்மா கமலியின் படத்தை நெடுநேரம் பார்த்தார். “செருப்புகூட இல்லாம” என்றார். அவ்வளவுதான். பிறகு, “இவளுக்கு நல்ல சப்பாத்து இருக்கா?” என்று அண்ணனிடம் கேட்டார்.

மறுநாள் காலை ஏழரைக்கு, மூடியிருந்த கடைவரிசைக்குப் பின்னால் உள்ள கார் நிறுத்துமிடத்துக்குக் காவலரிடம் அனுமதி கேட்டுப் போனோம். மழை பெரும்பாலும் மாலையில்தான் என்பதால் எங்கள் ஊரில் காலையே பாதுகாப்பு. பொதுச் சாலை எந்த நாளும் கூடாது. எந்தக் கால் முன்னால் என்பதை முதலில் பார்த்தோம். பின்னாலிருந்து அவளை லேசாகத் தள்ளினேன். வலது கால் முன்னே வந்தது. அவளுக்கு வலது கால்தான் முன்கால்.

ஓட்டுவதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொடுத்தேன். முன்காலில் எடையை வைத்து, பின்காலை இறக்கி, செருப்பைத் தேய்ப்பது போல் தரையில் உரசி நிறுத்துவது. இருபது தடவை. அவளுக்குச் சலித்துவிட்டது. எனக்குச் சலிக்கவில்லை. பிறகு விழக் கற்றுக்கொடுத்தேன். கையை விறைத்து ஊன்றாமல், முழங்காலை மடக்கி, காப்புகளின் மேல் சரிவது. அதன் பிறகே முன் டிரக்கின் நட்டைச் சற்றுத் தளர்த்தினேன். பின்னதைக் கொஞ்சம் இறுக்கினேன். முன்பக்கம் திருப்ப, பின்பக்கம் தாங்க. உண்மையான ஸ்லாலம் பலகைகளில் முன் டிரக்கை அதிகம் திரும்பும் கோணத்திலும் பின் டிரக்கைக் குறைவாகத் திரும்பும் கோணத்திலும் அமைப்பார்கள். எங்களுடையது அதன் ஏழை உறவு.

சாக்பீஸால் இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, பத்துக் காகிதக் கோப்பைகளைக் கவிழ்த்தேன். முதல் முறை மூன்றாவது கோப்பையில் இறங்கிவிட்டாள். அடுத்த முறையும் அங்கேயே. கோப்பை கோப்பையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போகிறாள். எதைப் பார்க்கிறாளோ அதன் மேலேயே ஏற்றுகிறாள். “தூரமா பாரு” என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

அதுவரை காருக்குள் உட்கார்ந்திருந்த அம்மா கதவைத் திறந்தார்.

“ஏய், இங்க பாரு. நான் காண்டா தூக்கியிருக்கேன். ரெண்டு பக்கமும் வாளி நிறையப் பாலு. மேட்டுலேருந்து எறங்கறப்ப முட்டிய மடக்கிக்கணும். காலைப் பாத்தியோ, பாலு ஊத்திடும். இப்ப வைக்கிற அடியப் பாக்காத, அதுக்கு அடுத்த அடிய பாரு.”

நான் பல மாதங்கள் காணொளி பார்த்துக் கற்ற பாடம் இது. கண் இரண்டு கூம்பு முன்னால் இருக்க வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். தோள் அசையாமல் இடுப்புக்குக் கீழே மட்டும் பலகை நெளிய வேண்டும். அம்மா இதை விடியற்காலை இருட்டில், தோட்டத்து மேட்டில், வெறும் சம்பளத்துக்காகக் கற்றிருக்கிறார். முப்பத்து நான்கு வயதுவரை அவரிடம் இதைக் கேட்கத் தோன்றாத நான், ஊடகத்துறையில் பட்டம் வாங்கி ஊராரைப் பேட்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் மீண்டும் ஏறினாள். முகத்தை நிமிர்த்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது கோப்பை மட்டும் தட்டுப்பட்டு உருண்டது. மீதி நான்கையும் தாண்டி, பின்காலைத் தேய்த்து, கற்றுக்கொடுத்தபடியே நின்றாள்.

அம்மா மெதுவாக நடந்துபோய், உருண்ட கோப்பையை எடுத்து, குனிந்து சாக்பீஸ் புள்ளியின் மேல் சரியாகக் கவிழ்த்து வைத்தார். மலைப் பக்கம் வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

“மழை வர்றதுக்குள்ள இன்னொரு தடவ வா” என்றார்.